திருவிருந்துக்கு வராத கணக்கப்பிள்ளை: குற்ற உணர்ச்சி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடைப்பட்ட ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரு சிறிய சபையில் நடந்ததைப் பற்றிய பதிவு இது. எழுதுவது அந்தச் சபையின் போதகர். தீர்மானங்கள் எடுக்கும்போது மூப்பர்கள் இருவர் கூட இருந்தார்கள். ஆட்களின் பெயரோ தோட்டத்தின் பெயரோ இதில் இல்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவரும் அவர் மனைவியும் வாசித்துப் பார்த்து, 'மத்தவங்களுக்கு உதவும்னா போடுங்க' என்று சொன்ன பிறகே இது வெளியே வருகிறது.

பின்னணி

அவர் அறுபது வயதைத் தாண்டியவர். தோட்டத்திலேயே பிறந்து, மலையில் கூலி வேலையில் தொடங்கி, கங்காணியாகி, கடைசியில் கணக்கப்பிள்ளையாக ஓய்வு பெற்றவர். மனைவி கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்திலிருந்து கிறிஸ்தவக் குடும்பம். மகள் கல்யாணமாகி பண்டாரவளைப் பக்கம் இருக்கிறார். ஒரே மகன் கொழும்பில் புடவைக் கடை ஒன்றில் வேலை பார்த்தான். 2017இல் டெங்குக் காய்ச்சலில் இறந்துவிட்டான். வயது 24.

தோட்ட வாழ்க்கை தெரியாதவர்களுக்கு நிறுவை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பறித்த கொழுந்தைக் கொண்டுவந்து மடுவத்தில், அதாவது நிறுவைக் கொட்டிலில், நிறுப்பார்கள். குறிப்பிட்ட கிலோ வந்தால்தான் அன்றைக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர் போட்டுவிடலாம். கூடினால் மேலதிகக் கிலோவுக்குத் தனிக் காசு உண்டு. சாக்கின் பாரத்துக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள், மழை நாளில் இலையில் நிற்கும் தண்ணீருக்கென்று இன்னும் கொஞ்சம். இந்தக் கழிவில்தான் எல்லாமே இருக்கிறது. எவ்வளவு கழிப்பது என்பது தராசுக்குப் பக்கத்தில் நிற்பவர் வாயில் வருவதுதான். முள் எங்கே நின்றது என்று பறித்தவள் எட்டிப் பார்ப்பதற்குள் சாக்கை இறக்கிவிடுவார்கள்.

1996க்கும் 1999க்கும் இடையில் அவர் நிறுவையில் நின்றார். ஐந்து பெண்களின் கொழுந்தில் ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று கூடுதலாகக் கழித்து, அந்தக் கிலோக்களைத் தன் மனைவியின் பேரிலும் மைத்துனியின் பேரிலும் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் சம்பளப் பதிவேட்டில், ஏற்றினார். ஏன் அந்த ஐந்து பேர் என்று கேட்டேன். 'அவங்களுக்குப் பேச ஆள் இல்லைங்க' என்றார். இரண்டு பேர் விதவைகள். மற்ற மூவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களில் ஒருத்தி மட்டும் ஒருநாள் எல்லோர் முன்னாலும் நிறை குறைகிறது என்று சண்டை பிடித்தாள். அவர் அவளைப் பொய்க்காரி என்று சொல்லி, அன்று அரைப் பேர் போட்டார். யாரும் விசாரிக்கவில்லை.

பதினெட்டு வருடம் இது அவரைத் தொந்தரவு செய்யவே இல்லை. சபையில் வாராவாரம் பொதுப் பாவ அறிக்கை ஜெபத்தைப் பார்க்காமலே சொல்வார். மகனை அடக்கம் செய்து வந்த இரவுதான் முதலில் மடுவம் நினைவுக்கு வந்ததாம்.

முதலில் கண்டது

மகன் இறந்த பிறகு அவர் திருவிருந்துக்கு, இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்குக்கு, எழுந்து வருவதை நிறுத்தினார். ஆராதனைக்கு வருவார், கடைசி வாங்கில் உட்காருவார், மற்றவர்கள் முன்னால் போகும்போது தலையைக் குனிந்துகொள்வார். பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் துக்கம் அப்படி இருக்காது. வாரத்தில் மூன்று நாள் உபவாசம் இருந்தார். ஊரில் எந்த எழுப்புதல் கூட்டம் நடந்தாலும் அழைப்புக் கொடுக்கும்போது முன்னால் போய் முழங்காலில் நின்றார். வேறொரு சபையில் போய் இரண்டாம் தடவை ஞானஸ்நானம் எடுத்தார். மனைவி சொன்னபடி அந்த நிம்மதி இரண்டு வாரம் நின்றது. அப்புறம் பழையபடி. எபிரெயர் 12:17, மூத்த மகனுக்குரிய உரிமையை விற்றுவிட்ட ஏசா கண்ணீரோடு தேடியும் மனம் மாறுதலைக் காணாமற்போனான் என்ற வசனம், அவர் பைபிளில் பேனா பட்டுப் பட்டுக் கிழிந்திருந்தது.

இதற்கிடையில் வெளியிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் அவர் வீட்டில் ஜெபித்துவிட்டு, 'இந்த வீட்டில் ஆகானைப்போல ஒருவர் எதையோ மறைத்து வைத்திருக்கிறார்' என்று சொல்லிவிட்டுப் போனார். யோசுவா 7ஆம் அதிகாரத்தில் ஆகான் ஒளித்து வைத்ததற்காக அவன் பிள்ளைகளும் செத்தார்கள். அந்தப் பகுதியைத் தேடி வாசித்திருக்கிறார். அன்றிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடுதான்.

என்னிடம் அவர் தானாக வந்தது 2022இன் தொடக்கத்தில். நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த நாட்கள். டோர்ச் வெளிச்சத்தில் வந்து, குளிர்ச்சட்டைக்குள்ளிருந்து ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். 'ஐயா, இதைப் பார்த்துட்டு எனக்கு மன்னிப்பு இருக்கா இல்லையானு ஒரே வார்த்தையில சொல்லுங்க' என்றார்.

அந்தக் கொப்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அடிமட்டம் வைத்து, செக்ரோல் போலவே கோடு கிழித்திருந்தார். முதல் பக்கங்களில் ஐந்து பெண்களின் பெயர், வருடம், நினைவிலிருந்து எழுதிய கிலோ. கூட்டினால் ஆயிரத்து நானூறு கிலோவுக்கு மேல் வந்தது. நடுவில் இரண்டு கட்டங்கள்: ஒன்றில் தன் பாவம், எதிர்க் கட்டத்தில் வீட்டுக்கு வந்த கஷ்டம். மாடு செத்தது, மனைவிக்குக் கால் முறிந்தது, மகளுக்கு முதல் கரு கலைந்தது, மகன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாவத்தை நேர் வைத்திருந்தார். சில இடங்களில் பொருத்த எதுவும் கிடைக்காமல் கேள்விக்குறி. கடைசிப் பக்கங்களில் எழுத்தே இல்லை, ஐந்து ஐந்தாகக் கட்டிய சிறு கோடுகள் பக்கம் பக்கமாக. ஒவ்வொரு கோடும் ஒரு மன்னிப்பு ஜெபம். ஜெபிக்கும்போது பரிசுத்த ஆவியானவரைத் திட்டுகிற கெட்ட வார்த்தைகள் தானாக மனதில் வருமாம். வந்தால் அந்த ஜெபம் செல்லாது, திரும்பத் தொடங்க வேண்டும். சில இரவுகளில் விடியும்வரை.

முதல் தீர்மானம்: உயிர்

பேச்சின் நடுவே, 'நான் இருக்கிறவரைக்கும் இந்த வீட்டுக்குச் சாபம்தான்' என்றார். இதை ஆவிக்குரிய பேச்சு என்று எடுத்துக்கொண்டு கடந்துபோவது எளிது. நேராகவே கேட்டேன்: 'அண்ணே, உயிரை விட்டுடலாம்னு நினைச்சிருக்கீங்களா?' கொஞ்சநேரம் கழித்து ஆமென்றார். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படும் ஊழியர்கள் பலர் உண்டு. கேட்பதால் எண்ணம் வராது. இருப்பதைச் சொல்ல வழி கிடைக்கும்.

அன்றிரவே ஒரு மூப்பர் அவரோடு வீட்டுக்குப் போனார். தோட்டத்துக்கு அடிப்பதற்கென்று வைத்திருந்த மருந்துகளை மனைவியிடம் கேட்டு வாங்கி அப்புறப்படுத்தினார். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 தொலைபேசி இலக்கத்தை மனைவியின் போனில் பதிந்துகொடுத்தார். இரண்டு வாரம் யாராவது ஒருவர் இரவில் அங்கே படுத்தார். வேறு எதையும் இதற்கு முன் பேசவில்லை.

கொப்பியை மூன்றாகப் பிரித்தது

அவர் கேட்டது ஒரே வார்த்தைப் பதில். ரோமர் 8:1, 'ஆக்கினைத்தீர்ப்பில்லை' என்ற வசனம், கையில் தயாராக இருந்தது. அதை நான் சொல்லவில்லை. அந்த வசனம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டிருக்கிறார். அது அவரிடம் வேலை செய்யாமல் போனது, பொய் என்பதால் அல்ல. ஐந்து பேருக்குக் கடன்பட்டவனிடம் அவன் கடனே இல்லாதவன் என்று சொன்னால், மனச்சாட்சி அதை ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ளவும் கூடாது.

மூப்பர்களோடு உட்கார்ந்து கொப்பியைப் பார்த்தபோது ஒன்று தெளிவாகியது. அவர் ஒரே குற்றம் என்று சுமந்ததில் மூன்று வேறு காரியங்கள் இருந்தன. முன் பக்கங்கள் உண்மையான குற்றம், அதற்கு ஆள் உண்டு, தொகை உண்டு. நடுப் பக்கங்கள் அவர் குற்றமே இல்லாதவை. கடைசிப் பக்கங்கள் நோய். முதலாவதைச் செலுத்த வேண்டும், இரண்டாவதை இறக்கி வைக்க வேண்டும், மூன்றாவதற்கு வைத்தியரிடம் போக வேண்டும். மூன்றுக்கும் ஒரே ஜெபத்தைப் போட்டதால்தான் ஐந்து வருடம் எதுவும் நகரவில்லை என்பது எங்கள் கணிப்பு. கொப்பியை அவர் கண்முன்னாலேயே கத்தரியால் மூன்றாக வெட்டினோம். அவர் தடுக்கவில்லை.

வைத்தியசாலை

முதலில் கடைசிப் பக்கங்கள். பக்கத்து ஆதார வைத்தியசாலையின் மனநல கிளினிக்குக்குப் போனோம். ஒரு மூப்பருக்கு இதில் இஷ்டமில்லை, விசுவாசக் குறைவு என்றார். கண்ணாடி போட்டுத்தானே பைபிள் வாசிக்கிறீர்கள் என்று மற்ற மூப்பர் கேட்டதோடு அந்த விவாதம் முடிந்தது.

வைத்தியர் சிங்களவர், தமிழ் கொஞ்சம்தான். மொழிபெயர்க்க சபை வாலிபப் பெண் ஒருவரைக் கூட்டிப்போயிருந்தோம். ஆனால் அந்தக் கெட்ட வார்த்தைகளை ஒரு பெண்பிள்ளை முன்னால் அவர் எப்படிச் சொல்வார்? வாயைத் திறக்கவே இல்லை. அடுத்த தடவை சிங்களம் தெரிந்த, அவர் வயதையொத்த ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவரை அழைத்துப்போனோம். அப்போதுதான் எல்லாம் வந்தது. மலையகத்தில் இந்த வேலை செய்கிறவர்கள் மொழிபெயர்க்கும் ஆளை யோசித்துத் தெரிவுசெய்ய வேண்டும்.

மனச்சோர்வோடு சேர்ந்த எண்ணச் சுழற்சி நோய் என்றார் வைத்தியர். வேண்டாத எண்ணம் வருவதும், அதை அழிக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும் இதன் இயல்பு. சிலருக்கு அது கை கழுவுதல், இவருக்கு மன்னிப்பு ஜெபம். பக்தியுள்ளவர்களுக்குத் தாங்கள் எதற்கு அதிகம் பயப்படுகிறார்களோ அதைப் பற்றியே எண்ணம் வரும். ஃப்ளூவொக்செட்டீன் எழுதினார். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும் என்று முன்கூட்டியே சொன்னது நல்லதாயிற்று. முதலில் வயிற்றைப் பிரட்டியது, விட்டுவிடப் பார்த்தார். அந்த வருடம் அரச வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு, சில மாதம் ஹட்டன் பார்மசியில் காசுக்கு வாங்க வேண்டியிருந்தது.

வைத்தியர் எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். அதுதான் கஷ்டம். இரவில் போன் பண்ணி, 'ஐயா, நான் தேவதூஷணம் சொல்லிட்டேனா?' என்று கேட்பார். இல்லை என்று சொன்னால் ஒரு மணிநேரம் அமைதி, பிறகு திரும்பவும் அதே கேள்வி. நான் ஆறுதல் என்று கொடுத்ததும் அவருடைய சிறு கோடுகளைப் போலவே அந்தச் சுழலின் ஒரு பாகமாகியிருந்தது. அதனால் மூவரும் பேசி ஒரு முறை வைத்தோம். மத்தேயு 12ஆம் அதிகாரத்தை ஒரே ஒருநாள் முழுமையாக உட்கார்ந்து படிப்பது. அதற்குப் பிறகு கேட்டால், 'அன்னைக்குப் பேசினதுதான் அண்ணே' என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

அப்படியே படித்தோம். அங்கே இயேசு எச்சரித்தது, கண்ணெதிரே ஒருவன் குணமானதைப் பார்த்தும், தெரிந்தே அதைப் பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை என்றவர்களை. வேண்டாமென்று நடுங்குகிறவனின் தலைக்குள் நுழைந்த சொல்லைப் பற்றி அங்கே பேச்சு இல்லை. ஏசாவின் வசனத்தையும் பார்த்தோம். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பிரசங்கித்ததற்காகப் பன்னிரண்டு வருடம் சிறையிலிருந்த ஜான் பனியனும் இதே ஏசா வசனத்தில் மாட்டி நெடுநாள் தவித்தவர் என்று சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார். 'அவருக்குமா?' என்றார். தனக்கு மட்டும்தான் இப்படி என்று எண்ணியிருந்தவருக்கு எந்த விளக்கத்தையும்விட அது அதிகம் உதவியிருக்கலாம்.

அதன்பின் போன் வந்தபோது சொன்னதையே சொல்லி வைத்துவிட்டேன். கல்நெஞ்சக்காரன் போலத்தான் இருந்தது. மாதங்கள் போகப் போக அழைப்பு குறைந்தது.

ஐந்து பெண்கள்

மருந்து பிடித்து, தூக்கம் வரத் தொடங்கிய பிறகே முன் பக்கங்களைத் தொட்டோம். முன்பே தொட்டிருந்தால் அதையும் கோடு போட்டு எண்ணுகிற காரியமாக்கியிருப்பார்.

இயேசு வீட்டுக்கு வந்தபோது மனந்திரும்பிய வரிவசூலிப்பவன் சகேயுவைப் போல நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பேன் என்று நின்றார். இதில் நாங்கள் குறுக்கே நின்றோம். எண்ணாகமம் 5:7 அபகரித்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. சகேயு செல்வந்தன், மகிழ்ச்சியில் அள்ளிக் கொடுத்தான். இவரிடம் இருந்தது ஒரு பசுவும் கன்றும், வீட்டுப் பக்கத்து மரக்கறிப் பாத்தியும்தான். நாலு மடங்கு கொடுத்தால் மனைவி பட்டினி கிடப்பார். அந்த வேகத்தில் நியாயத்தைவிடத் தன்னைத் தண்டிக்கும் ஆசைதான் அதிகம் தெரிந்தது. ஐந்தில் ஒரு பங்கு, அதோடு நிறுத்தம்.

எந்த விலையில் கணக்குப் போடுவது? அன்றைய ரூபாயில் போட்டால், 2022இல் விலைவாசி ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு அது கேலி. எடுத்தது கிலோ, ஆகவே கிலோவையே திருப்பித் தருவதாக வைத்துக்கொண்டு, இன்றைய மேலதிகக் கிலோக் காசில் கணக்கிட்டோம்.

சபையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் அறிக்கையிடவும் விரும்பினார். அதையும் வேண்டாமென்றோம். அந்த ஐந்து பேரில் நான்கு பேர் இந்துக்கள், நம் ஆராதனைக்கு வராதவர்கள். அவர்களுக்குச் செய்ததை நமக்குச் சொல்லி அழுவதால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? பாதிக்கப்பட்டவரிடம் போய்ச் சொல்வதுதான் அறிக்கை.

மனைவி எதிர்த்தார். 'இத்தனை வருஷம் கழிச்சு ஊரைக் கூட்டி மானத்தை விக்கணுமாங்க?' என்றார். அந்தக் கிலோக்கள் அவர் பேரில்தான் ஏறின. அவரை யாரும் அதுவரை தனியாக உட்காரவைத்துக் கேட்டதில்லை. என் மனைவி போய், பிளேன்டீ குடித்துக்கொண்டே ஒரு பின்னேரம் முழுக்கப் பேசியிருந்துவிட்டு வந்தார். சம்பள நாளில் துண்டைப் பார்த்ததுமே தெரியும், தெரிந்தும் வாங்கினேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் தன் சேமலாப நிதிக் காசில் மிச்சம் வைத்திருந்ததைக் கொண்டுவந்து, பாதி என் கணக்கு என்றார். மீதிக்குக் கன்றை விற்றார்கள்.

முதலாவது பெண் இறந்துவிட்டார். மகளிடம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். இரண்டாமவர் சிரித்துவிட்டு, 'எனக்கு ஞாபகமே இல்லீங்க, யாருதான் குறைக்கல' என்றார். பணத்தை வாங்க மாட்டேன் என்றவர், பேத்தியின் பாடசாலைச் சப்பாத்துக்கு என்று சொன்னதும் வாங்கினார். மூன்றாமவர் கேட்டுவிட்டு அழுதார். அந்த வருடங்களில் ஒரு மேலதிகக் கிலோவுக்காக இருட்டும்வரை மலையில் நின்றதைச் சொன்னார். கணக்கப்பிள்ளை குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மூப்பர் இடையில் ஜெபிக்கலாமா என்று வாயெடுத்தார். கையைக் காட்டி நிறுத்தினேன்.

நான்காமவர்தான் அன்று சண்டை பிடித்தவர். பணத்தைத் தள்ளிவைத்தார். 'காசு இருக்கட்டும் ஐயா. அன்னைக்கு மடுவத்துல எல்லாரும் பார்க்கப் பொய்க்காரினு சொன்னீங்க. எம் மாமியார் சாகிறவரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுச்சு. அதை எல்லாரும் பார்க்க மாத்துங்க.'

கிலோக் கணக்கில் இது எங்கேயும் இல்லை. அவர் கொப்பியில் அந்த நாளுக்கு நேரே அரைப் பேர் என்று மட்டும் எழுதியிருந்தார். எங்கள் கணக்கும் அவ்வளவுதான்.

வெளிக்கள உத்தியோகத்தரிடம் அனுமதி கேட்டோம். ஆச்சரியப்பட்டார், ஆனால் மறுக்கவில்லை. ஒரு மத்தியான நிறுவைக்குப் பெண்கள் வரிசையாக நிற்கும்போது, அந்த அம்மாளும் மகளோடு வந்து நின்றார். இவர் முன்னால் போய், 'தொண்ணூத்தெட்டுல இந்தத் தங்கச்சி நிறை குறையுதுனு சொன்னாங்க. பொய்க்காரினு நான் சொன்னேன். பொய் சொன்னது நான்தான். நிறையைக் குறைச்சதும் நான்தான்' என்றார். குரல் நடுங்கியது, ஆனால் கடைசி ஆளுக்கும் கேட்டது. வரிசையில் பாதிப்பேர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். அந்த அம்மாள், 'சரி. கொழுந்து வாடுது, நிறுங்க' என்றார். பணத்தை மறுநாள் மகள் வந்து வாங்கிப்போனாள். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, கேட்கவும் கூடாது என்று முன்பே பேசிவைத்திருந்தோம்.

ஐந்தாமவர் குடும்பத்தோடு தோட்டத்தை விட்டுப் போய்விட்டார். வத்தளைப் பக்கம் இருப்பதாக ஒரு தகவல் மட்டும் உண்டு. அந்தப் பங்கைச் சபைப் பெட்டியில் போடுகிறேன் என்றார் கணக்கப்பிள்ளை, நாங்கள் வாங்கவில்லை. மன்னிப்பை விலைக்கு விற்றதுபோல் ஆகிவிடும். தனி வங்கிப் புத்தகத்தில் கிடக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வருகிறவர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

நடுப் பக்கங்கள்

மகனின் சாவுதான் கடைசிவரை நின்றது. வசனங்கள் இல்லாமல் இல்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று லூக்கா 13இல் இயேசுவே கேட்கிறார். 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது, நானூறுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அத்தனை பேரின் தகப்பன்மாரும் தராசில் கை வைத்தவர்களா என்று கேட்டேன். அவர் விடவில்லை. 'தாவீது செஞ்சதுக்குப் பிள்ளை செத்ததே, ஐயா?'

நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க முடியாது. தாவீது ராஜா இன்னொருவன் மனைவியை எடுத்து, அவனைக் கொல்லவைத்த பிறகு தன் பிள்ளையை இழக்கும் இரண்டு சாமுவேல் 12ஐத் திறந்தோம். அங்கே நாத்தான் தீர்க்கதரிசி அனுப்பப்பட்டு வந்து சொன்னான். உங்களுக்கு யார் வந்து சொன்னது, நீங்களாகத்தானே கோடு கிழித்துக் கட்டத்தில் எழுதினீர்கள் என்று கேட்டேன். பிள்ளை இறந்தது என்று அறிந்ததும் தாவீது என்ன செய்தான் என்பதையும் வாசிக்கச் சொன்னேன். தரையிலிருந்து எழுந்து, குளித்து, எண்ணெய் பூசி, உடை மாற்றி, ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். அவர் அந்த வசனத்தை இரண்டு முறை வாசித்தார்.

அதுவும் பாதிதான் வேலை செய்தது. மீதியைச் செய்தது அவர் மனைவி. ஒருநாள் நான் இருக்கும்போதே, அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டார்: 'அவன் எனக்கும் பிள்ளைதானே? உங்களைத் தண்டிக்கக் கடவுள் ஏன் என் வயித்துல கை வைக்கணும்? அவன் சாவை முழுக்க நீங்களே எடுத்துக்கிட்டா நான் எதுக்கு அழுறது?' ஐந்து வருடமாக இருவரும் மகனைப் பற்றி ஒன்றாகப் பேசியதே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று நான் சீக்கிரமாகக் கிளம்பிவிட்டேன்.

என்ன ஆயிற்று

திருவிருந்து பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறதே மத்தேயு 5, முடித்துவிட்டு வரட்டும் என்றார் ஒரு மூப்பர். சகேயு பணம் கொடுப்பதாகச் சொல்வதற்கு முன்பே இயேசு அவன் வீட்டில் தங்குவதாகச் சொல்லிவிட்டார், அதனால் இப்போதே வரலாம் என்றேன் நான். தீர்ப்புச் சொல்லாமல் அவரிடமே விட்டோம். மடுவத்தில் பேசியதற்குப் பிறகு, 2023 உயிர்த்த ஞாயிறன்று எழுந்து வந்தார்.

மருந்தை வைத்தியர் குறைத்திருக்கிறார், நிறுத்தவில்லை. கெட்ட எண்ணங்கள் இன்னும் வருகின்றன. வந்தால் ஜெபத்தை முதலிலிருந்து தொடங்குவதில்லை, மேலே போகிறார். மகனின் நினைவுநாள் வரும் மாதத்தில் சரிந்துவிடுகிறார், ஒருமுறை திரும்பவும் உபவாசத்தில் இறங்கினார். மனைவி எங்களுக்குச் சொல்ல, கிளினிக் தேதியை முன்தள்ளினோம். அதனால் முழுக்கக் குணமானார் என்று எழுத மாட்டேன். மூன்று வேளை சாப்பிடுகிறார். மகனின் படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

மாற்றிக்கொண்டவை

ஒருவர் திருவிருந்தைத் தொடர்ந்து தவிர்த்தால், சில வாரத்துக்குள் மூப்பர் ஒருவர் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். என்ன செய்தீர்கள், யாருக்கு, எப்போது என்று பேரும் ஊருமாகக் கேட்பது அதில் முக்கியம். கேட்டால்தான் செலுத்த வேண்டியது எது, சுமக்கத் தேவையில்லாதது எது என்று தெரியும். வீட்டில் மற்றவரைத் தனியாகக் கேட்பதும் அதே வாரத்தில். மனைவியிடம் பேசப் போனது இந்த விஷயத்தில் மிகவும் பிந்திப்போனது.

1 கொரிந்தியர் 11ஐத் திருவிருந்தில் வாசிக்கும்போது 'அபாத்திரமாய்', அதாவது தகுதியில்லாமல், என்ற இடத்தில் நிறுத்தாமல், பணக்காரர் முந்திச் சாப்பிட்டு ஏழைகள் பசியோடிருந்த அந்தச் சபையின் கதையையும் சேர்த்தே வாசிக்கிறோம். தன்னைச் சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்றுதான் அங்கே இருக்கிறது, சோதித்தறிந்து வீட்டுக்குப் போகக்கடவன் என்று இல்லை. மூப்பர்கள் எல்லோருடைய போனிலும் 1926 இருக்கிறது.

கூட்டங்களுக்கு அழைக்கும் பிரசங்கிமாரிடம் முன்கூட்டியே ஒரு நிபந்தனை சொல்கிறோம்: வீடுகளுக்குப் போய் இன்ன பாவத்தால் இன்ன சாவு என்று சொல்லக் கூடாது. ஒருவர் அதற்குச் சம்மதிக்காமல் வரவில்லை. அந்த வருடம் கூட்டம் மூன்று நாளுக்குப் பதில் இரண்டு நாள் நடந்தது.